எஞ்சின் எண்ணெய் மாற்றும் முறை

காருக்குப் பெற்றோல் வார்க்க மறந்தால், வண்டியே வழியில் நின்று நினைவூட்டிவிடும். எஞ்சின் எண்ணெயோ அவ்வாறு நினைவூட்டுவதில்லை. அது கெட்ட பின்னரும் வண்டி ஓடும். உள்ளே உலோகம் தேய்வது நமக்குத் தெரியாது. தெரியவரும்போது செலவு இலட்சங்களைத் தொட்டுவிடும்.

எண்ணெய், உறுப்புகள் ஒன்றோடொன்று உராயாமற் காக்கிறது. வெப்பத்தை ஏந்திச் செல்கிறது. கரியையும் நுண்துகள்களையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. ஆதலால் அது கறுத்திருப்பது மட்டுமே கெட்டமைக்குச் சான்றாகாது. எப்போது மாற்றுவது, எவ்வகை எண்ணெய், எத்தனை லீற்றர் என்பனவற்றை வண்டியின் கைந்நூலைக் கொண்டே துணிதல் வேண்டும். குறைவாக ஓடும் வண்டிக்கும் அது கூறும் மாதக்கணக்கு உண்டு.

முதலில் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி, அழுக்கையும் உடன்கொண்டு இறங்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைத்தடையிட்டு, உயர்த்துவதாயின் உறுதியான தாங்கிகளின்மேல் இருத்துக. ஜாக்கை மட்டும் நம்பி அடியிற் புகுதல் உயிருக்கே ஆபத்து. கையுறை அணிந்து, எண்ணெய்த் தட்டின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றிப் பழைய எண்ணெயை அகன்ற பாத்திரத்தில் வடியவிடுக. முற்றும் வடிந்தபின், புதிய வொஷரிட்டு ஆணியைப் பூட்டுக. அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் மரை சிதையும்.

பில்டரையும் உடன் மாற்றுதல் நன்று. பழையதன் இறப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிநின்றால் எண்ணெய் கசியும், அதனை நீக்கிவிடுக. திருகிப் பூட்டும் வகையாயின், புதியதன் வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்குக.

பின்னர், குறித்த அளவிற் சற்றுக் குறைவாக எண்ணெய் வார்த்து, எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் விளக்கு அணையாவிடின் உடனே நிறுத்துக. அடியிற் கசிவு உண்டோவெனவும் நோக்குக. நிறுத்திச் சில நிமிடங்கள் சென்றபின் அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் இட்டுப் பார்த்தால், எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையில், மேற்குறியை அணுகி நிற்க வேண்டும். குறைந்தால் சிறிது சிறிதாக வார்க்கலாம், மிகுதியும் தீங்கே.

இனி நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுண்டு. வடித்த எண்ணெயை வளவிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே கிணற்றைச் சென்றடையும். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரை மாசுபடுத்திய வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கப் பணித்தமை வாசகர் அறிந்ததே. ஆகவே பழைய எண்ணெயை மூடியுள்ள கலனில் அடைத்து, அதனைச் சேகரிக்கும் கராஜில் ஒப்படைப்போமாக. வண்டியைக் காப்பதற்காகக் குடிநீரைக் கெடுப்பது எவ்வகையிலும் இலாபமாகாது.