பூஜ்யம் வாங்கிய நூல்

அக்கா பெண் ஓவியக் கல்லூரியில் சிற்பம் படிக்கிறாள். சிற்பம் என்றால் கல், உளி, சுத்தியல் என்று நினைத்துக் கொண்டிருந்த என்னிடம் வந்து, "மாமா, உங்க வீட்டுப் பரண்ல தக்ளி இருக்காமே? பாட்டி சொன்னாங்க" என்றாள்.

தக்ளி! இந்தக் காலப் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம்: ஒரு சாண் கம்பி, அடியில் காசு மாதிரி ஒரு தகடு, உச்சியில் சின்னக் கொக்கி. பஞ்சைக் கொக்கியில் மாட்டிச் சுழற்றினால் நூல் வரும். வரவேண்டும். எங்கள் பள்ளிக்கூட நூற்பு வகுப்பில் மற்ற பையன்களுக்கு வந்தது. எனக்கு வந்தது ஓரிடத்தில் தலைமயிர், அடுத்த இடத்தில் சுண்டைக்காய். "இதுல கோவணம்கூட நெய்ய முடியாதுடா" என்று வாத்தியார் என் நூலை வகுப்புக்கே தூக்கிக் காட்டி பூஜ்யம் போட்டார். அன்று போன தைரியம்தான். இன்றுவரை ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிடுகிறேன்.

"தக்ளி எதுக்கும்மா?"

"கையால நூத்த நூல்லயே ஒரு சிற்பம் பண்ணப்போறேன்."

சிரித்துவிட்டேன். தப்பு. உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

மிருணாளினி முகர்ஜி (1949-2015) என்று ஒரு சிற்பி. பரோடாவில் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தவர். 1970களில் நார்க் கயிற்றைக் கையிலெடுத்தார். சாயம் தோய்த்து, முன்கூட்டி வரைபடம் ஏதும் போடாமல், முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டே ஆளைவிட உயரமான யட்சிகளை எழுப்பினார். அவர் மறைந்து நாலு வருஷம் கழித்து, 2019-ல், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. போலந்துக்கார அம்மணி ஒருவர், மக்தலேனா அபகனோவிச், 1960களிலேயே பழைய கயிறுகளைப் பிரித்து, சாயம் ஏற்றி, ஆளை விழுங்குகிற அளவுக்கு நெய்து தொங்கவிட்டாராம்.

"சரி, கடையில மில் நூல் கிடைக்குதே?"

"அது ஒரே சீரா இருக்கும் மாமா. தொங்கவிட்டா சும்மா தொங்கும். கைநூல் அப்படியில்ல. மெல்லிசா இருக்கிற இடத்துக்கு முறுக்கு ஓடிப்போயிடும், தடிச்ச இடம் பொசுபொசுன்னு நிக்கும். முறுக்கு ஏறின இடத்தைத் தளர்த்திப் பாருங்க, பாம்பு மாதிரி தானே சுருண்டுக்கும். ரெண்டு இழையைச் சேர்த்து எதிர்ப்பக்கமா முறுக்கினா சாதுவாயிடும். எனக்கு சாது வேணாம்."

முறுக்கில் இவ்வளவு விஷயமா! எனக்குத் தெரிந்ததெல்லாம் கைமுறுக்குதான்.

பத்து நாள் கழித்து வாடிய முகத்தோடு வந்தாள். "என் நூல் ரொம்ப ஒழுங்கா வருது மாமா. வேணும்னு கோணலா நூத்தா பொய்யாத் தெரியுது. நீங்க நூத்துக் கொடுங்களேன்."

இப்படி ஒரு கோரிக்கை என் வாழ்நாளில் வந்ததில்லை. கூடத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாகத் தக்ளி சுற்றினேன். ஐம்பது வருஷம் கழித்தும் திறமை அப்படியே இருந்தது. அதே தலைமயிர், அதே சுண்டைக்காய்!

கல்லூரிக் கண்காட்சிக்கு அம்மாவையும் கூட்டிப்போனோம். கம்பிச் சட்டத்தின்மேல் முழுக்க நூலாலேயே ஒரு கிழவி, குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுருண்ட இழைகள் தோல் சுருக்கமாகியிருந்தன. விரல் கணுக்களில், முடக்குவாதத்தில் வீங்கிய இடங்களில், என் சுண்டைக்காய்கள்.

அம்மா தன் கையை ஒருதரம் பார்த்தாள். நூல் கையை ஒருதரம் தடவினாள். பக்கத்தில் நின்ற பேராசிரியரிடம் சொன்னாள்:

"இது என் பையன் நூத்தது. பூஜ்யம் போட்ட அந்த வாத்தியார்கிட்ட யாராவது போய்ச் சொல்லுங்களேன்..."