திருகாணியும் தாமதமும்

புதுக் கணிப்பொறிக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்போர், விற்பவன் வேண்டுமென்றே சரக்கைப் பதுக்குகிறான் என்று சினந்து பேசக் கேட்கிறோம். பிறர்மீது ஐயம் கொள்ள நமக்கு அதிக நேரம் தேவைப்படுவதில்லை, வாசகர்களே!

ஆப்பிள் நிறுவனத்தின் ‘மேக் புரோ’ மேசைக் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். 2013 ஜூனில் உலகுக்குக் காட்டினர். விற்பனை தொடங்கியதோ டிசம்பர் 19-இல். அன்றே, அனுப்பும் காலம் பிப்ரவரி என்றாயிற்று. பின்னர் மார்ச், அதன்பின் ஏப்ரல்!

விற்பனை தள்ளிப்போனதற்கான காரணங்களுள் ஒன்றை 2019-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் வெளியிட்டது. அமெரிக்க மண்ணிலேயே செய்வோம் என்று 2012-இல் வாக்களித்து, டெக்சாஸ் மாநிலத்தில் பணியைத் தொடங்கினர். அங்கே தனி அளவில் கடையவேண்டிய சிறு திருகாணி போதுமான அளவு கிடைக்கவில்லை. நம்பியிருந்த பட்டறையில் 20 பேரே வேலை செய்தனர். நாளொன்றுக்கு 1,000 திருகாணிக்கு மேல் அவர்களால் இயலவில்லை. சூசையப்பரின் தச்சுப்பட்டறையைப் போற்றும் நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைகளின் உழைப்புக்கு ஓர் அளவு உண்டு.

மார்ச், ஏப்ரல் என்று நீண்டதற்கு, பழக்கமில்லாத அந்த உருளை வடிவமும் புதிய தொழிற்சாலையுமே காரணம் என்பது நமது ஊகம். திருகாணிகளையோ இறுதியில் சீனாவிலிருந்தே வரவழைத்தனர்.