அட்லாண்டாவின் அழுக்கு மூட்டை

"என்ன விசுவாசம்! என்ன விசுவாசம்!" என்று உருகினார், நம்மோடு ஆசிரியப் பணியாற்றும் நண்பர். அவர் கையிலே 'கான் வித் த விண்ட்'. மார்கரெட் மிட்செல் எனும் வெள்ளை மாது தீட்டி, 1936-இல் வெளிவந்து, உலகை மயக்கிய ஏடு. அதிலே மாம்மி என்றொரு கறுப்புத் தாதி. உள்நாட்டுப் போர் முடிகிறது, அடிமைத்தளை அறுகிறது, வயற்காட்டு அடிமைகள் போய்விடுகின்றனர். மாம்மியோ போகவில்லை! எசமானியின் பின்னாலேயே அட்லாண்டா நகருக்கும் சென்று பணிவிடையைத் தொடர்கிறாள்.

அவளுக்குப் பிள்ளை உண்டா? கணவன் உண்டா? தாய் இட்ட பெயராவது உண்டா? ஆயிரம் பக்க ஏட்டிலே அதற்கு இடமில்லை.

"கதைதானே தோழர், இதற்கேன் கோபம்?" என்கிறார் நண்பர். கதைதான். எவர் எழுதிய கதை, எவர் இன்புற எழுதிய கதை என்பதன்றோ கேள்வி! தப்பி ஓடியவளைப் பிடித்துவந்து சவுக்கால் அடித்த கூட்டம், தளை அறுந்தபின், 'அவள் எங்களைவிட்டுப் போக விரும்பவேயில்லை' என்று கதை கட்டினால், தழும்பை மறைக்கும் பூச்சு அது என்போம் நாம்.

நடந்தது என்ன? 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்ததும் அந்தத் தாய்மார் தேடியது, விற்கப்பட்ட தம் மக்களை. ஊர் ஊராக அலைந்தனர். பத்திரிகைகளிலே விளம்பரம் கொடுத்தனர், என்றோ விலைபோன மகனின் பெயரையும் அவனை வாங்கியவனின் பெயரையும் குறித்து. அதே ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் செய்தது. பெற்றோரால் காப்பாற்ற இயலாதென நீதிமன்றம் கருதும் கறுப்பினச் சிறுவரைத் தொழில் பழகுவதற்கென ஒப்படைக்கலாம். தகுதியுடையவனாயின் பழைய எசமானனுக்கே முதலுரிமை! முன்வாசல் வழியே வெளியேறிய அடிமைத்தனத்தைக் கொல்லைப்புறமாக அழைத்துவந்த வித்தை.

அட்லாண்டாவுக்கே வருவோம். மிட்செலின் கதை 1873-இல் முடிகிறது. எட்டே ஆண்டுகள் கழித்து, 1881 சூலையில், அதே நகரிலே, ஏறத்தாழ இருபது சலவைப் பெண்கள் ஒரு தேவாலயத்திலே கூடிச் சங்கம் கண்டனர். (தேவாலயத்திலா என்று முகஞ்சுளிக்க வேண்டாம், தோழர்களே! வேறு கூடுமிடம் அவர்களுக்கு யார் தந்தார்?) பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர் கூலி, இது கோரிக்கை. அந்த வேலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தண்ணீர் சுமந்து, காரங்கூட்டிச் சோப்புக் காய்ச்சி, கோதுமைத் தவிட்டிலே கஞ்சியெடுத்து, பீர்ப் பீப்பாயைப் பாதியாய் அறுத்த தொட்டியிலே கசக்கி, கனத்த இரும்பைச் சூடேற்றித் தேய்த்து, இத்தனைக்கும் மாதம் 4 முதல் 8 டாலர்! ஆயினும் அந்தத் தொழிலை அவர்கள் விரும்பியதற்குக் காரணமுண்டு. சொந்த வீட்டு முற்றத்திலே, சொந்தப் பிள்ளை கண்ணெதிரே விளையாட, எசமானியின் அதட்டல் எட்டாத தொலைவிலே செய்யக்கூடிய தொழில் அது.

மூன்றே வாரத்தில் இருபது, மூவாயிரமாயிற்று. சீமான்களின் சட்டைகள் அழுக்கு மூட்டையிலேயே கிடந்தன. கைது செய்தனர், தண்டம் விதித்தனர், சலவைப் பெண் ஒவ்வொருத்தியும் ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டுமென நகரசபையிலே மிரட்டினர். மாதக்கணக்கான உழைப்பு அந்த 25 டாலர்! மேயருக்குக் கடிதம் சென்றது: கட்டுகிறோம், ஐம்பதானாலும் கட்டுகிறோம், கூலியை மட்டும் விடமாட்டோம் என்று. கட்டணத் திட்டத்தை நகரசபை கைவிட்டது.

மிட்செல் பிறந்த நகரமும் அதுவே. 1939 டிசம்பரில் அக்கதையின் திரைப்படம் அங்கேயே முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, மாம்மியாக நடித்த ஹாட்டி மெக்டானியல் விழாவுக்கு வர இயலவில்லை. ஜார்ஜியாவின் நிறப் பிரிவினைச் சட்டம் குறுக்கே நின்றது. விசுவாசத்துக்குப் பரிசு!

1966-இல் மார்கரெட் வாக்கர் எனும் கறுப்பினப் பெண்மணியின் 'ஜூபிலி' வெளிவந்தது. பாட்டி சொல்லக் கேட்ட கொள்ளுப்பாட்டியின் கதை. நாயகி வைரி விடுதலைக்குப் பின் தேடுவது, சொந்தமாக ஒரு வீடு. ஒன்றை வெள்ளம் பாழாக்குகிறது, இன்னொன்றை வெள்ளை வெறியர் கொளுத்துகின்றனர், மீண்டும் எழுப்புகிறாள். இறுதியில் அவள் மன்னிக்கும் அளவு நமக்குச் சற்று மிகையாகவே படுகிறது. அத்தனை பெரிய நெஞ்சு நமக்கில்லை. ஆயினும் அது அவளாக அளிக்கும் மன்னிப்பு. எசமானி தனக்குத்தானே எழுதிக்கொண்டதன்று.

நண்பரிடம் 'ஜூபிலி'யைத் தந்திருக்கிறோம். படித்து முடிக்கட்டும், விசுவாசத்தைப் பற்றி அதன்பின் பேசலாம்.