கதவைத் திறப்பவர்கள் ஏன் ஒளிய வேண்டும்?

ஹாரியட் டப்மனின் படத்தை டிபியாக வைத்திருக்கும் தோழர்களிடம் ஒரு கேள்வி. இன்றிரவு தர்மபுரியிலிருந்து ஒரு தலித் இளைஞனும் அவனைக் காதலித்து மணந்த சாதி இந்துப் பெண்ணும் வந்து உங்கள் கதவைத் தட்டினால் திறப்பீர்களா?

டப்மன் 1849-இல் மேரிலாந்தின் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர். தப்பியதோடு நிற்காமல் சுமார் 13 முறை திரும்பிப் போய் ஏறத்தாழ 70 பேரை மீட்டார். அவருக்குப் பின்னால் ஒரு ரகசிய வலைப்பின்னல் இருந்தது. கறுப்பின மக்களின் குடிசைகளும் தேவாலயங்களும் சில வெள்ளையர்களின் பண்ணை வீடுகளும் அதில் அடக்கம். 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தப்பியவருக்கு உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. பிடிபட்டவரை எசமானிடம் ஒப்படைத்தால் விசாரிக்கும் அதிகாரிக்கு 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர்தான்!

அடிமைமுறையும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் உறவு உண்டென்று கண்டவர் ஜோதிராவ் ஃபுலே. 1873-இல் வெளிவந்த 'குலாம்கிரி'யை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்று 1916-லேயே நிறுவினார் அம்பேத்கர். பெண்ணின் உடல் சாதியின் சொத்து என்றால், விரும்பியவனோடு போகும் பெண் 'தப்பி ஓடியவள்' ஆகிவிடுகிறாள்.

தர்மபுரி இதை நெருப்பில் பார்த்தது. இளவரசன் திருமணத்தைக் காரணம் காட்டி 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடிக் கொளுத்தப்பட்டன. 2013 ஜூலை 4 அன்று தண்டவாளத்தருகே இளவரசன் பிணமாகக் கிடந்தார். இருவரின் காதலுக்கு ஊரே தண்டிக்கப்பட்டது. அடுத்த இணைக்கு யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்பதுதான் அந்தத் தீயின் செய்தி.

ஆனாலும் கதவுகள் திறக்கின்றன. நண்பனின் வாடகை அறை, வழக்கறிஞர் அலுவலகம், பெரியாரிய, அம்பேத்கரிய, இடதுசாரித் தோழர்களின் வீடுகள். அதற்கு விலையும் உண்டு. 2024 ஜூனில், ஒரு சாதிமறுப்புத் திருமணத்துக்குத் துணைநின்றதற்காக நெல்லையில் மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது.

அரசு என்ன செய்கிறது? 'பெண்ணைக் காணவில்லை' என்று புகார் வந்ததும் இருவரையும் காவல் நிலையத்துக்கு அழைத்துச் 'சமரசம்' பேசுகிறார்கள். வயதுவந்த பெண்ணிடம், அப்பா அம்மாவோடு போ என்கிறார்கள். கட்டப்பஞ்சாயத்துக்குக் காக்கி உடுத்தினால் அது சட்டமாகிவிடுமா? சிறப்புத் திருமணச் சட்டமோ, 30 நாள் முன்னறிவிப்பைப் பலகையில் ஒட்டி, துரத்துபவர்களுக்கு விலாசம் கொடுக்கிறது.

2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணிநேர உதவி எண்ணும் வேண்டுமென்றது. மாவட்டத் தலைநகர்களில் பாதுகாப்பு இல்லங்கள் அமைக்க வழிகாட்டியது. 2023-இல், வழக்கறிஞர்கள் முன்னின்று நடத்தும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்றது. அந்த வழக்கின் மனுதாரர் பெயரும் இளவரசன்.

"பெத்தவங்க மனசு நோகாதா?" என்பார்கள். நோகும். நோவுக்கு மருந்து அரிவாள் அல்ல. 'நாடகக் காதல்' என்பார்கள். நாடகத்துக்காக எவனாவது உயிரையும் ஊரையும் பணயம் வைப்பானா?

ரகசிய வலைப்பின்னலைச் சாகசமாகக் கொண்டாடாதீர்கள். அது அரசின் தோல்விக்குச் சாட்சி. தர்மபுரியில் பாதுகாப்பு இல்லம் எங்கே, உதவி எண் எது என்று ஆட்சியரிடமும் கண்காணிப்பாளரிடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டுத் தெருவுக்கு வாருங்கள். சாதிமறுப்பு இணைக்கு வீடு தருபவர் வாசலில் விளக்கெரிய, பெயர்ப்பலகையோடு தரும் நாள் வரும்வரை, உங்கள் கதவையும் பூட்டாதீர்கள்.