கிளட்ச் பிளேட் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் டீசல் கார்களில் அடிக்கடி பார்க்கிறேன்: ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, ஆர்.பி.எம். முள் எகிறுகிறது, வேகம் மட்டும் கூடவில்லை. கருகல் வாடை வேறு. கிளட்ச் வழுக்குகிறது.

செலவைக் குறைப்பதாகச் சொல்லி, பட்டறைகளில் பிளேட்டை மட்டும் மாற்றித் தருகிறார்கள். இது தவறு. மற்ற பாகங்கள் பின்னர் தேய்ந்து கியர் பாக்ஸை மறுபடி இறக்கினால் மறுபடி கூலி. பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். ஃப்ளைவீலில் நீலம் பாரித்த சூட்டுத் தழும்பு இருக்கிறதா, கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா என்று வண்டிக்காரரே குனிந்து பார்க்கட்டும். எண்ணெய் பட்டால் புதுப் பிளேட்டும் வழுக்கும்.

எஞ்சின் கணினியை ரீமேப் செய்து டார்க்கை (முறுக்குவிசையை) கூட்டும் இளைஞர்களே, அதைத் தாங்கும் கிளட்சையும் போடுங்கள். பிள்ளைகுட்டிகளோடு மலையேறுகிற வண்டி அது.

– வாசகர், நாமக்கல்