சட்டமாகிவிட்டால் கேட்க முடியாதா?

உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டை ஆண்டவரையே பொறுப்புக்கூற வைக்கும் துணிவு நமது நீதிபதிகளுக்கு உண்டு. ஆனால் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தை அதே நீதிமன்றம் தொட முடியாது. அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை அந்தக் கதவை அடைத்து வைத்திருக்கிறது. 1978க்கு முந்திய சட்டங்களையோ, அவை அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும், 16ஆம் உறுப்புரை காப்பாற்றுகிறது.

சட்டமூலமாக இருக்கும் சில நாட்களுக்குள் வழக்காடலாம் என்பார்கள். அப்போது அதனால் யார் பாதிக்கப்பட்டிருப்பார்? சட்டத்தின் கொடுமை அது நடைமுறைக்கு வந்த பிறகுதானே தெரியும். 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது இப்படித்தான். அதன் கீழ் தடுத்துவைக்கப்பட்டவர் தமது கைது தவறு என்று வாதிடலாம். சட்டமே தவறு என்று வாதிட வழியில்லை.

இந்திய நீதிமன்றங்கள் நிறைவேறிய சட்டங்களை இரத்துச் செய்கின்றன. தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 1995இல் மரண தண்டனையையே நீக்கியது. தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகளுக்கு இவ்வளவு அதிகாரமா என்று கேட்பவர்கள் பிரித்தானியாவைப் பார்க்கட்டும். நாடாளுமன்றமே மேலானது என்று கொள்ளும் அந்த நாட்டிலும், வெளிநாட்டவரைக் காலவரையறையின்றித் தடுத்துவைக்கும் சட்டம் மனித உரிமைகளுக்கு முரணானது என 2004இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அறிவித்தனர். அவர்களால் சட்டத்தை இரத்துச் செய்ய முடியாது. ஆனாலும் அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அதை மாற்றியது. நமக்கு அந்த அரைவழிகூட இல்லை.

நீதிமன்றத்தை அடைவதும் இலகுவல்ல. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள், கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். பிரித்தானியாவில் ஓராண்டு அவகாசம் உண்டு. இந்தியாவில் மாநில உயர் நீதிமன்றங்களையும் நாடலாம். தடுப்பிலிருப்போர் விடயத்தில் நமது நீதிபதிகள் ஒரு மாத விதியைச் சில வேளைகளில் தளர்த்துவது உண்மை. ஆனால் முல்லைத்தீவுக்காரரின் உரிமை நீதிபதியின் இரக்கத்தில் தொங்கக்கூடாது.

80(3)ஆம், 16ஆம் உறுப்புரைகள் நீங்க வேண்டும். மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் அடிப்படை உரிமை மனுக்களை விசாரிக்கும் அதிகாரம் வேண்டும். கால எல்லை ஓராண்டாக வேண்டும். மூன்றில் இரண்டு பெரும்பான்மை இல்லையென்ற பழைய சாட்டு, 2024 நவம்பரில் 159 ஆசனங்களைப் பெற்ற அரசாங்கத்துக்குப் பொருந்தாது.