தலையில் எப்போதாவது அடிபட்டதா?



ஜேடர்பாளையம் படுகை அணையில் தண்ணீர் பார்க்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் வறுவல் கடையோரம் ஓர் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி வெல்ல ஆலையில் பாகுப் பதம் பார்த்தவர். மூன்று வருடத்துக்கு முன் மொபெட்டிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் இல்லை. எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

“ஆனா பழைய தம்பி இல்லீங்க. சுருக்குனு கோவம் வருது, சொன்னது மனசுல நிக்கறதில்லீங்க. நடை தள்ளாடுது, நாக்கு கொழறுது. பஸ் ஸ்டாண்டுல குடிகாரன்னு நெனச்சு ரெண்டு தடவ புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க.”

அந்த ‘ரெண்டு தடவ’ இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. இப்படிப்பட்ட ஒருவர் வழக்கில் சிக்கினால் என்ன ஆகும்?

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம், தண்டனைகளில் ஒன்றாகச் சமூக சேவையையும் சேர்த்திருக்கிறது. பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை தருவது, முதல்முறையாக 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடித் திருப்பித் தந்தது போன்ற சில குற்றங்களுக்கு இது பொருந்தும். சிறைக்குப் போகாமல் ஊருக்கு உழைப்பது நல்ல ஏற்பாடு, மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த வேலைக்கு வந்து நிற்பவர் யார் என்று பார்க்கிறோமா?

ஸ்காட்லாந்துச் சிறைகளில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பேட்டி கண்ட பெண் கைதிகளில் 78 சதவீதம் பேர் தலையில் பலத்த அடி வாங்கியவர்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதியில் அடிபட்டால், கைகால் நன்றாக இருந்தும் கோபத்தை அடக்குவதும் வேலையைத் திட்டமிடுவதும் கெட்டுப்போகலாம். லேசான காயம் ஸ்கேனில் தெரியாமலும் போகும். அப்படிப்பட்டவரிடம் “திங்கள், புதன், வெள்ளி காலை எட்டு மணிக்கு வா” என்று வாயால் மட்டும் சொன்னால் புதன்கிழமை மறந்துவிடும். ஏட்டில் அது ‘உத்தரவை மதிக்கவில்லை’ என்றுதான் ஏறும்.

பைக் சாகச வழக்கில் சிக்கிய ஓர் இளைஞரை, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் ஒரு மாதம் உதவிக்கு நிற்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2022இல், ஜாமீன் நிபந்தனையாக. நல்ல யோசனைதான். ஆனால் உதவிக்குப் போகிறவரே முன்பு அப்படியொரு கட்டிலில் கிடந்தவராக இருந்தால்?

விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து கைகொடுக்கிறது. அதற்கப்புறம் வரும் வருடங்களை இந்த அக்காவைப் போன்றவர்களே சுமக்கிறார்கள்.

குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவதற்குச் சென்னை மாகாணம் 1936இலேயே சட்டம் கண்டது. அந்த வழியில் வந்த நன்னடத்தை அலுவலர்கள், வேலை ஒதுக்கும் முன் இந்தக் கட்டுரையின் தலைப்பைக் கேள்வியாகக் கேட்டால் போதும். ஆம் என்றால் ஒரே இடம், ஒரே நேரம், எழுதிக் கொடுத்த தாள், வீட்டில் ஒருவருக்கும் தகவல்.

அந்தத் தம்பி இப்போது ஆலையில் சக்கை காயப்போடுகிறார். தினமும் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அன்றைய வேலையை எழுதி, அக்கா அவர் சட்டைப் பையில் வைத்தனுப்புகிறார். ஒரு தாளில் ஒரு வேலை.